மெம்பர் வாசித்த நோட்டீஸ்

வெள்ளிக்கிழமை காலையில் டொமினிக் குழாயடிக்கு வரும்போது வழக்கம்போல மண்ணெண்ணெய்ப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றால்தான் அவருக்கு வாசிப்பு வரும். தரையில் நின்று வாசித்தால் அது ஊர்ப்பேச்சு, பெட்டிமேல் நின்று வாசித்தால் அது அரசாங்கம் என்பது அவர் கொள்கை. ஆள் குள்ளம் என்பதும் ஒரு காரணம்தான், அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்சின் அந்த வரிசையில் இருபத்திரண்டு வீடுகள். இருபத்திரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். டோக்கியோ மணி எட்டுக்குத் தண்ணீர் வரும், ஒன்பதுக்கு நின்றுவிடும். ஜப்பான்காரர்கள் வந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தை முன்னால் தள்ளிவிட்டதால், எட்டு மணி என்பது பொழுது விடிந்தும் விடியாத நேரம். குடங்களையும் வாளிகளையும் தகர டின்களையும் வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கும் அந்த நேரம்தான் டொமினிக்கின் நேரம்.

நோட்டீசில் 'சாக்கடைகளைச் சுத்தம் செய்யவும்' என்று மலாயில் ஒரே ஒரு வரி இருக்கும். டொமினிக் வாயில் அது, நம்முடைய பிள்ளைகளின் நலத்தை உத்தேசித்து என்று தொடங்கி, கொசுவின் குணம், காய்ச்சலின் குணம், அவருடைய மாமா பந்திங் ஊரில் நாற்பது நாள் படுத்துக் கிடந்த கதை எல்லாவற்றையும் சுற்றிவிட்டு ஒருவழியாகச் சாக்கடைக்கு வந்து சேரும். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் சாக்கடை சுத்தமாகிவிடும். வெறும் காகிதத்துக்கு யாரும் மண்வெட்டியைத் தூக்குவதில்லை, டொமினிக் சொன்னால் தூக்குவார்கள். அது அவருக்கும் தெரியும், அதனால்தான் அவர் காகிதத்தில் உள்ளதோடு நிறுத்திக்கொள்வதில்லை.

அன்றைக்குக் கால்பந்துத் திடலில் மரவள்ளி நடுவது பற்றிக் கால் மணி நேரம் வாசித்தார். அடுத்து, விளக்குக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டுவது பற்றி ஒரு பத்து நிமிடம். கடைசியாக, வரிசைத் தலைவரை ஞாயிற்றுக்கிழமை தேர்ந்தெடுத்துப் பெயரை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்ற செய்தி. அதை மட்டும் அடக்கமாக, எதையும் சேர்க்காமல் வாசித்துவிட்டுப் பெட்டியிலிருந்து இறங்கினார். அவரே நிற்கிற தேர்தலுக்கு அவரே மேளம் தட்டக் கூடாது இல்லையா.

சண்டைக்கு முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில், அடைத்த சாக்கடையையும் உடைந்த குழாயையும் பற்றி எழுதிப்போட வரிசைக்கு ஓர் ஆள் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக இருந்த டொமினிக்கை எல்லாரும் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் மெம்பர். வெள்ளைக்காரன் ஓடிப்போனான், கிளார்க்கு வேலை பாதியாய்க் குறைந்தது, கோட்டு சட்டை மரவள்ளி மாவுக்குப் போனது. மெம்பர் என்ற பெயர் மட்டும் போகவில்லை. ஜப்பான்காரர்களுக்கும் வரிசைக்கு ஒரு தலை தேவைப்பட்டது. அது யாருடைய தலை என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை, வருடத்துக்கு ஒரு முறை பெயர் வந்து சேர்ந்தால் போதும்.

ஆனால் கைதூக்குவதற்குக் கூட்டம் போட வேண்டும், கூட்டம் போடுவதற்கு முத்திரை குத்திய அனுமதி வேண்டும். அனுமதி கேட்கப் போன பக்கத்து வரிசைக்காரர் கன்னம் வீங்கித் திரும்பி வந்தார். தண்ணீருக்கு வரிசையில் நிற்க யாருடைய அனுமதியும் வேண்டாம். எனவே இந்த வரிசையில் பாத்திரங்கள்தான் ஓட்டுப் போட்டன. தேர்தல் நாளன்று போட்டியிடுகிறவர்கள் குழாய்க்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நிற்பார்கள். வீட்டுக்கு ஒரு பாத்திரம், பிடித்தவர் பின்னால். தண்ணீர் வருவதற்குள் எண்ணி முடித்துவிட வேண்டும். எவனாவது சிப்பாய் அந்த வழியாக வந்தால் அவன் கண்ணுக்கு அது இரண்டு தண்ணீர் வரிசை, அவ்வளவுதான். எந்த நசுங்கல் எந்த வீட்டு வாளியுடையது என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் இதில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. தோற்றவருக்கு மனத்தாங்கல் ஒரு வருடம் இருக்கும்.

இந்த வருடம் எதிர்த்து நின்றவர் பணிமனை ஃபிட்டர் தம்புசாமி. வரிசையின் கீழ்க்கோடியில் இரண்டாவது குழாய் போட்டுத் தருகிறேன் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் ஆணிக்கே பஞ்சமாக இருக்கும்போது குழாய் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. வாக்குறுதி கேட்க நன்றாக இருந்தது. டொமினிக் விரல்விட்டுப் பார்த்தார். பத்து வீடு தன்பக்கம் நிச்சயம். ஏழு வீடு தம்புசாமி பக்கம். மீதி இருந்த கீழ்க்கோடி ஐந்து வீடுகள்தான் தீர்மானிக்கப் போகின்றன. போன வருடம் சயாமுக்கு ரயில்பாதை போடப் போன ஐந்து பேரின் வீடுகள் அவை. அந்த ஐந்து வீட்டுப் பெண்களும் தங்களில் ஒருத்தியான பாக்கியம் எந்தப் பக்கம் வாளியை வைக்கிறாளோ அந்தப் பக்கம்தான் வைப்பார்கள்.

பாக்கியம் காதரின் ஜவுளிக்கடையில் தைத்துக்கொண்டிருந்தாள். ஜவுளி என்று பலகையில் எழுதியிருந்தது, உள்ளே இருந்ததெல்லாம் சாக்கு. அரிசி மூட்டைச் சாக்கை வெட்டிச் சட்டையாகவும் பாவாடையாகவும் அவள் தைத்துக் கொடுக்க, அதை வாங்கவும் ஆள் இருந்தது. டொமினிக் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் காதர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வாங்க மெம்பரே. ஓட்டுக் கேக்க வந்தீங்களா, சட்டைக்கு அளவு குடுக்க வந்தீங்களா?"

"ரெண்டும்தான் காதர் நானா," என்று சிரித்துவிட்டு டொமினிக் பாக்கியத்தின் பக்கம் திரும்பினார்.

அவள் ஊசியை நிறுத்தாமலே சொன்னாள். "எங்க அஞ்சு வீட்டு ஓட்டும் உங்களுக்குத்தாண்ணே. ஒண்ணே ஒண்ணு செய்யணும்."

"சொல்லும்மா. லோங்காங் சாக்கடை எதுவும் அடைச்சிக்கிச்சா?"

"திங்கக்கெழம எங்ககூட சயாமுக்கு ஆளெடுக்குற ஆபீசுக்கு வரணும். அன்னைக்கு வாசிச்சீங்கல்ல, அந்த நோட்டீச எடுத்துக்கிட்டு வாங்க. மூணு மாசம்னு அதுல போட்டிருக்கில்ல? அதக் காட்டிக் கேக்கப் போறேன். மூணு மாசம் பதினாறு மாசமாச்சு. ஆள அனுப்பு, இல்லாட்டி செத்துட்டான்னு வாயத் தொறந்து சொல்லு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கல்லறைத் திருநாள் வருதுண்ணே. அந்த மனுசனுக்கு மெழுகுத்திரி ஏத்துறதா வேணாமான்னு தெரியாம எப்படி நிக்கிறது?"

"கண்டிப்பா வரேம்மா," என்று டொமினிக் சொன்னார். அவருடைய வாய் எப்போதும் அவரைவிட ஓர் அடி முன்னால் போகும்.

"நீங்க வராட்டியும் போவேன். நீங்க வாசிச்சது என் காதுலயே இருக்கு," என்றாள் பாக்கியம்.

டொமினிக் கடையைவிட்டு இறங்கினார். பதினாறு மாதமாக அவர் அந்த நோட்டீசை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தார். போன வருடம் ஜூன் மாதம், இதே குழாயடியில், இதே பெட்டிமேல் நின்று அதை வாசித்தார். சயாமில் வேலை, ரயில்வே ஆட்களுக்கு முன்னுரிமை, சாப்பாடு உண்டு, துணி உண்டு, சம்பளம் உண்டு. வாசித்து முடித்ததும் பாக்கியத்தின் புருஷன் மாரிஸ், லைன் ரிப்பேர் பார்க்கிறவன், கூட்டத்தின் பின்னாலிருந்து கேட்டான், "எத்தன நாளைக்குண்ணே?" அது நோட்டீசில் இல்லை. நாற்பது முகங்கள் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. மெம்பராக இருந்த அத்தனை வருடத்தில் டொமினிக் யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொன்னதே இல்லை. "மூணு மாசந்தான்," என்றார். அது அவர் வாயில் வந்ததற்கும் காரணம் இருந்தது. ரயில்வேயில் ஓர் ஆளை வெளியூர் ஸ்டேஷனுக்கு மாற்று வேலைக்கு அனுப்பினால் மூன்று மாதம்தான். கெமாசுக்குப் போனாலும் மூன்று மாதம், ஈப்போவுக்குப் போனாலும் மூன்று மாதம். இருபது வருடம் ரயில்வேச் சோறு தின்ற எவனுக்கும் வெளியூர் வேலை என்றாலே மனதில் மூன்று மாதம்தான் ஓடும். கேட்டுக்கொண்டிருந்த ரயில்வேக்காரர்களும் அதனால்தான் சட்டென்று நம்பினார்கள். தயங்கி நின்ற மாரிஸ் பெயர் கொடுத்தான். அவனைப் பார்த்து இன்னும் நான்கு பேர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டின்னைத் திறந்து நோட்டீஸ்களைத் தரையில் பரப்பினார். சயாம் நோட்டீஸ் அடியில் கிடந்தது. ஒரு வேளை இருக்குமோ, தான்தான் மறந்துவிட்டோமோ என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அவர் மனைவி சாந்தமேரி வாசற்படியில் மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"இல்லாததத் தேடுனா எப்படிக் கெடைக்கும்?" என்றாள்.

டொமினிக் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு மாரிஸ் கேட்டப்ப நீங்க காயிதத்தப் பாக்கல. எங்க மூஞ்சியெல்லாம் பாத்தீங்க. அப்பவே தெரியும் எனக்கு."

"ஏன்டி ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்," என்று சாந்தமேரி அடுத்த கிழங்கை எடுத்தாள். "இருந்தேன், இருந்தேன், பதினாறு மாசமாச்சு."

சனிக்கிழமை முழுவதும் டொமினிக் தன்னோடு பேரம் பேசினார். நோட்டீசைக் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லலாம். காய்ச்சல் என்று திங்கட்கிழமை படுத்துக்கொள்ளலாம். ஆனால் பாக்கியம் எப்படியும் போவாள். போய், காகிதத்தில் இல்லாத ஒன்றைக் காகிதத்தில் இருப்பதாக அந்த ஆபீசில் அடித்துச் சொல்வாள். பொய் சொன்னதாக அங்கே பிடிபட்ட ஒருவரைப் போன மாதம் வெயிலில், தலைக்குமேல் கல்லைத் தூக்கிப் பிடிக்க வைத்து, விழும்வரை நிறுத்தியிருந்தார்கள். அந்த மனிதரின் கை இன்னும் முழுதாக மேலே தூக்க வரவில்லை. அதே நேரத்தில், உண்மையைச் சொன்னால் ஐந்து வீடும் போகும், மெம்பர் பட்டமும் போகும் என்ற எண்ணமும் வந்துவந்து போனது. இத்தனை பெரிய விஷயத்துக்கு நடுவே இத்தனை சின்ன விஷயம் தன் மனதில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் அது எழுந்து போகவில்லை.

சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார். சாமியாரிடம் சொல்லிவிட்டால் நெஞ்சு பாரம் குறையும். அவர் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். முன்னால் ஒரே ஓர் ஆள் மிச்சம் இருக்கும்போது, மூன்று என்பதே நெஞ்சில் போய்க் குத்தியது. சாமியாருக்கா பொய் சொன்னோம், குழாயடியில் நின்றவர்களுக்கல்லவா சொன்னோம் என்று தோன்றியது. வரிசையிலிருந்து விலகி வெளியே வந்துவிட்டார். பின்னால் நின்ற கிழவர், இவ்வளவு நேரம் நின்றுவிட்டு இடத்தை விட்டுப் போகிறாரே, அப்படி என்ன பெரிய பாவமோ என்று திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை டொமினிக் பெட்டி இல்லாமல் வந்தார். குழாய்க்கு அந்தப் பக்கம் தம்புசாமி தலைக்கு எண்ணெய் தடவி வாரி, தோய்த்த சட்டையோடு மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். பெண்கள் பாத்திரங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு, யார் முதலில் வைப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் முன்னால் வந்து டொமினிக்கின் பக்கம் வாளியை வைக்கக் குனிந்தாள்.

"வைக்காதம்மா," என்றார் டொமினிக். "மொதல்ல ஒண்ணு சொல்லணும்."

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். தரையில் நின்றதால் பின்னால் இருந்தவர்களுக்கு அவர் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. அந்தக் குரலும் அவர்களுக்குப் பழக்கமான குரலாக இல்லை.

"இது போன வருசம் நான் வாசிச்ச சயாம் நோட்டீசு. இதுல சோறு போட்டிருக்கு, துணி போட்டிருக்கு, சம்பளம் போட்டிருக்கு. மூணு மாசம்னு போடல. முன்னாலயும் போடல, பின்னாலயும் போடல. மாரிஸ் எத்தன நாளைக்குன்னு கேட்டான். எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அந்த மூணு மாசம் நானா சொன்னது."

தம்புசாமிதான் முதலில் அசைந்தார். டொமினிக்கின் அருகில் வந்து, மெய்யாகவே இரக்கப்பட்டவராக, காதோடு காதாக, "என்னாண்ணே நீங்க, ஜெயிச்சிட்டு நாளைக்கிச் சொல்லக் கூடாதா லா?" என்றார்.

பாக்கியம் டொமினிக்கின் கையிலிருந்து காகிதத்தை வாங்கினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. இருந்தாலும் முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். கன்னத்தில் ஓர் அறை விழும் என்று டொமினிக் எதிர்பார்த்து நின்றார், விழுந்தால் நல்லது என்றும் நினைத்தார்.

"செப்டம்பர் மாசம் பூரா டேசன்ல போய் நின்னேன்," என்றாள் அவள். "வர்ற ரயிலெல்லாம் பாத்தேன். கெடு முடிஞ்சும் ஆள் வரல. கெடு முடிஞ்சும் வரலன்னா என்னா அர்த்தம்? செத்துட்டாருன்னுதானே அர்த்தம்? ஒரு வருசமா அந்த மனுசன மனசுக்குள்ள பொதச்சிட்டு உக்காந்திருக்கேன் மெம்பரண்ணே. பொதச்சிட்டு சாக்குத் தைக்கிறேன்." மூச்சு வாங்கினாள். மீதி நான்கு பெண்களும் அவளை ஒட்டி வந்து நின்றார்கள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. அதற்குக் கீழே வேறு ஏதோ ஒன்று தலைகாட்டுவதையும் டொமினிக் பார்த்தார்.

"அப்ப கெடுவே கெடையாதா?"

"கெடையாதும்மா."

"கெடுவே இல்லன்னா, வரலங்கிறதுக்கு விடலன்னுகூட அர்த்தம் இருக்கில்ல? உசுரோட இருக்கலாமில்ல?"

ஆமாம்மா, கண்டிப்பா, நிச்சயமா என்ற சொற்கள் டொமினிக்கின் தொண்டைக்கு வந்து முட்டின. எத்தனையோ வருடப் பழக்கம். அவற்றை அப்படியே விழுங்கினார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

குழாய்க்குள் காற்று இரைந்தது. இன்னும் சில நிமிடங்களில் தண்ணீர் வந்துவிடும், தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் குடத்தை நிரப்பியாக வேண்டும். பாக்கியம் காகிதத்தை மடித்து டொமினிக்கின் கையிலேயே கொடுத்தாள். தன் வாளியை எடுத்துக்கொண்டு குழாயைச் சுற்றி நடந்து தம்புசாமியின் பின்னால் வைத்தாள். மீதி நான்கு வீடும் அவள் பின்னால் போயின. அதற்குப் பிறகு பாத்திரங்கள் மளமளவென்று இரண்டு பக்கமும் விழுந்தன. தம்புசாமிக்குப் பதின்மூன்று, டொமினிக்கு ஒன்பது. நிச்சயம் என்று அவர் எண்ணியிருந்த பத்தில் ஒன்று நழுவியிருந்தது. அது எந்த வீட்டுக் குடம் என்று அவர் பார்க்கப் போகவில்லை. சாந்தமேரியின் பித்தளைக் குடம் மற்ற எட்டுக்கும் முன்னால் இருந்தது. பதின்மூன்று வாளி பின்னால் நிற்க, தம்புசாமி என்ன செய்வதென்று தெரியாமல் மெம்பருக்கே வணக்கம் வைத்தார்.

தண்ணீர் பிடித்து முடித்துப் போகும்போது பாக்கியம் டொமினிக்கின் முன்னால் நின்றாள்.

"ஓட்ட அவருக்குத்தான் போட்டேன். போடத்தான் செய்வேன். ஆனா தம்புசாமியண்ணனுக்கு மலாய் எழுத்து தெரியாது. நாளைக்கு நீங்கதான் எங்ககூட வரணும். சண்டைக்குப் போகல. ஆளு இருக்கா இல்லையான்னு மட்டும் கேப்போம். அங்க என்னா எழுதியிருக்கோ அதச் சொல்லுங்க. ஒண்ணும் கூட்டாதீங்க."

"கூட்ட மாட்டேன்," என்றார் டொமினிக்.

திங்கட்கிழமை அவர்கள் ஆறு பேரும் நடந்தே போனார்கள். ஆபீஸ் வாசலில் காவல்காரனுக்கு இடுப்பு வளையக் கும்பிட்டார்கள். இடுப்பு சரியாக வளையாத ஒருவர் ஏற்கெனவே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே இருந்த மலாய்க்காரக் கிளார்க் வருகிறவர்களோடு வாதாடி வாதாடிச் சலித்துப்போன இளைஞர். ஆட்களைத் திருப்பி அனுப்பு என்றோ, நீங்கள் சொன்னது என்ன ஆயிற்று என்றோ இவர்கள் கேட்கவில்லை. இந்த ஐந்து பேர் இருக்கிறார்களா என்று டொமினிக் தாழ்ந்த குரலில் மலாயில் கேட்டதும் கிளார்க்கின் முகம் சற்று இளகியது. ரயில்வே ஆட்கள் என்றால் மாதா மாதம் அங்கிருந்து விவரம் வருகிறது என்றார். ஜப்பான் அதிகாரி இருந்த உள்ளறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தடித்த ஒரு புத்தகத்தை மேசைமேல் வைத்து, படிக்கத் தெரிந்தால் நீயே சீக்கிரம் பார்த்துக்கொள் என்று திருப்பி வைத்தார்.

ஆளுக்கு ஒரு வரி. வரி நெடுக மாதத்துக்கு ஒரு கட்டம். வேலை செய்திருந்தால் ஓர் எழுத்து, நோயாகக் கிடந்தால் வேறோர் எழுத்து. சில வரிகளில் பாதியில் ஒரு சிவப்புக் கோடு விழுந்து, அதற்குப்பின் கட்டங்கள் எல்லாம் வெற்றாக ஓடின. டொமினிக் விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தார். முதல் மூன்று பேருக்குச் சிவப்புக் கோடு இல்லை. அந்த மூன்று பெண்களும் அழுதார்கள், சத்தம் வெளியே கேட்காமல் அழுதார்கள். நான்காவது, லெட்சுமியின் புருஷன் வாசு.

"ஜனவரி, நோய். பிப்ரவரி..." என்று நிறுத்தினார்.

"சொல்லுங்கண்ணே," என்றாள் லெட்சுமி.

"பிப்ரவரியில செவப்புக் கோடு போட்டிருக்கும்மா. செத்துட்டாருன்னு அர்த்தம்."

லெட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாக்கியமும் கூடவே உட்கார்ந்து அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வாசுவும் மாரிசைப் பார்த்துப் பெயர் கொடுத்தவன்தான். டொமினிக்குக் கண் மறைத்தது. இது நான் செய்தது என்று அவருக்கு உறைத்தது. இனி எத்தனை சாக்கடையைச் சுத்தம் செய்தாலும் இது போகாது. ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் புத்தகத்தில் இன்னும் ஒரு பெயர் மிச்சம் இருந்தது. அதை வாசிக்க அங்கே வேறு ஆள் இல்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

பாக்கியம் லெட்சுமியை மற்றவர்களிடம் விட்டுவிட்டு எழுந்து வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். "மொதல்லருந்து படிங்க," என்றாள். "கடைசியத் தாவிப் பாக்காதீங்க."

அவருக்குத் தாவிப் பார்க்கத்தான் கண் துடித்தது. மாரிஸ் என்ற பெயருக்கு நேரே விரலை வைத்து, அதற்குமேல் நகராமல் பார்த்துக்கொண்டார்.

"ஜூலை, வேலை. ஆகஸ்டு, வேலை. செப்டம்பர், வேலை."

அந்தச் செப்டம்பரில்தான் அவள் ஸ்டேஷனில் நின்றிருந்தாள். தலையை ஆட்டினாள். மாதங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. வேலை, வேலை, நோய், வேலை. வருடம் பிறந்தது. டொமினிக் வாசுவின் பிப்ரவரியைக் கடந்தார். "மே, வேலை. ஜூன், நோய். ஜூலை, நோய். ஆகஸ்டு, நோய்." அவர் விரல் அங்கே சற்று நின்றது. பாக்கியத்தின் மூச்சு அவர் காதருகே கேட்டது.

"அடுத்தது படிங்கண்ணே."

"செப்டம்பர்," என்று அவர் குனிந்து பார்த்தார். எழுத்து மங்கலாக இருந்தது. நிமிர்ந்து கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். "செப்டம்பர், வேலை."

"போன மாசமா?"

"போன மாசம்."

"அதுக்கடுத்த கட்டத்துல?"

"அக்டோபர். ஒண்ணும் எழுதல."

"ஏன் எழுதல?"

டொமினிக் கிளார்க்கிடம் கேட்டார். கிளார்க் சொன்னதை, ஒரு சொல்லைக் கூட்டாமல், ஒரு சொல்லைக் குறைக்காமல், பாக்கியத்திடம் சொன்னார்.

"மாசம் இன்னும் முடியலயாம்."

பாக்கியம் கையை நீட்டினாள். சாக்கு நூல் அறுத்து அறுத்து வெடித்திருந்த ஆள்காட்டி விரலை, அந்த வெற்றுக் கட்டத்தின்மேல் மெதுவாக வைத்தாள். விரலுக்கும் கட்டத்துக்கும் அளவு சரியாக இருந்தது. புத்தகத்தை மூடக் காத்திருந்த கிளார்க் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஒரு காகிதத்தை எடுத்து வாசிப்பதுபோல் வைத்துக்கொண்டார். அவள் விரலை எடுக்கவில்லை.